குருணை உதறிய மடி

1

போன வாரம் இங்கே பினாங்கில் பிரஜா உரிமை ஆபீசுக்குப் போயிருந்தேன். சுதந்திரம் வந்து கொடி மாறிய பிறகு நம் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் போய் நிற்கிறோம். குமாஸ்தா தமிழர்தான். "எழுத்துத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?" என்றார். நான் மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் குடோன் வாசலில் தினமும் சாயங்காலம் அதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை ஐயா, சந்தேகப்பட்டுப் படித்தேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? பள்ளிக்கூடம் போகவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே சொல்லாமல் விட்டதை உங்களுக்கு எழுதுகிறேன். போடிப் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கொடுக்கவில்லை. காரணம் போகப்போக உங்களுக்கே தெரியும்.

2

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆரம்பித்தது இது. என் மகள் பேச்சியம்மாளுக்கு அப்போது எட்டு வயது. கான்வென்டில் அவளைப் பெகி என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் குலசாமி பேரை இப்படி நறுக்கிவிட்டார்களே என்று எனக்கு ஆற்றாமை. அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. வீட்டில் பேச்சி என்று கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்புவாள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு என்றால் வயிறு வலிக்கும். பொம்மையிடம்கூட இங்கிலீஷில்தான் பேசுவாள்.

ஒருநாள், "சிஸ்டர் ஒன்னைய வரச் சொன்னாங்கம்மா" என்றாள்.

"நீ என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல."

ஒன்றும் செய்யாத பிள்ளையின் அம்மாவை எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிடாது. இருக்கிறதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மலாய் கடைத்தெரு அளவுக்குத்தான். அதுவும் வந்த புதிதில் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். மலாயில் 'சாயா' என்றால் 'நான்'. போடிமெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையாளத்தான் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கிற சாயாதானே நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் நெஞ்சில் கைவைத்துச் சாயா, சாயா என்றபோது, பாவம் என்று அடுப்பை மூட்டி டீ போட்டுக் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன். ஏன் தினமும் விருந்து வைக்கிறாள் இவள் என்று அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

ஆகவே பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பேசப்பேச எனக்குத் தமிழில் சொன்னது என் மகள்தான். குற்றவாளியே மொழிபெயர்ப்பாளர். அவள் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், சிஸ்டர் என்னை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் காட்டினார்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் மைதானத்திலிருந்து உள்ளே வருகிறார்கள். முதலில் ஒரு சீனப் பிள்ளை வந்தாள். கேட்டுக்கு முன்னால் நின்றாள். பாவாடையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு உதறு உதறினாள். தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பிள்ளை, அதற்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லாரும் அப்படியே.

"எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேனாம். நம்ம சாமிக்குச் செய்யிறதான்னு கேக்குறாங்க" என்றாள் மகள்.

"இத எங்கடி கத்துக்கிட்ட?" என்றேன்.

"கதையிலம்மா. அப்பா வாசிக்கிறாங்கள்ல. குருணை இப்பிடித்தான் ஒதறுவா."

3

போடியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மலையில் பறித்து அங்கேயே சூடுகாட்டிக் காயவைத்த ஏலக்காய், மூட்டை மூட்டையாகப் போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கும். போடியில் குடோன்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் போட்டுத் தரம் பிரிப்போம். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. என் ஆத்தா மேலே எஸ்டேட்டில் காய் எடுத்தாள். குளிரும் அட்டைக்கடியும் எனக்கு ஆகவில்லை என்று கீழே அத்தை வீட்டில் என்னை விட்டாள். அப்படித்தான் நான் குடோனுக்கு வந்தேன். உடம்பெல்லாம் ஏலக்காய் மணக்கும். ஆனால் எங்கள் வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் போட்டு நான் சாப்பிட்டதில்லை.

மலையில் யாரும் எங்கள் மடியைப் பார்க்க மாட்டார்கள். ஈரக் காயைக் கட்டிக்கொண்டு போய் யார் என்ன செய்ய? காய்ந்து இறங்கிய பிறகுதான் அதற்கு மதிப்பு. எங்கள் மேல் சந்தேகமும் அதற்குப் பிறகுதான். சாயங்காலம் குடோன் வாசலில் கணக்குப்பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "மடிய ஒதறிட்டுப் போ. ம், வெரசா, வெரசா" என்பார். ஒவ்வொருத்தியாக நின்று, இடுப்பில் செருகியதை எடுத்து, இரண்டு உதறு. நாளாக நாளாக அவர் சொல்ல வேண்டியதே இல்லை, வாசல் என்று ஒன்றைக் கண்டாலே கை தானாகப் போகும். முருகன் கோயில் வாசலில் உதறியவள் உண்டு. சொந்த வீட்டு வாசலில் உதறிவிட்டு உள்ளே போனவள் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். வீட்டுக்கு வந்து நான் அழுத நாளும் உண்டு.

செல்லம்மா என்று ஒருத்தி என் பக்கத்தில் உட்காருவாள். ஒருநாள் அவள் உதறியபோது ஒரே ஒரு காய் கீழே விழுந்தது. "எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலண்ணே" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னாள். சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டதா, ஒளித்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாள் முதல் அவளுக்குச் சோலி இல்லை. அதற்குப் பிறகு நான் வாசலுக்கு வருமுன்னே, உள்ளே தூண் மறைவில் ஒருமுறை உதறிப் பார்த்துக்கொள்வேன். என் மேலேயே எனக்குச் சந்தேகம். கடல் தாண்டி வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. மீன்காரன் தராசு, தபால்காரன் சிரிப்பு, பிள்ளையின் வயிற்றுவலி, எதையும் நான் சும்மா விடுவதில்லை.

கல்யாணமாகிப் பேச்சி பிறந்த பிறகும் குடோனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முத்தையா பினாங்குத் துறைமுகத்தில் அரிசிக் குடோனில் வேலை பார்த்தார். காகிதமெல்லாம் சரியாகி அவர் எங்களை வரவழைத்தபோது பேச்சிக்கு இரண்டு வயது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இங்கே இறங்கினோம். சுங்கத்து வாசலில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் இடுப்பிலிருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு மடியை உதறினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ரிக்‌ஷாவில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "இந்தாருங்க, நான் காய் பொறுக்குனதும் மடிய ஒதறுனதும் இந்தப் புள்ளைக்குத் தெரியவே கூடாது. பெத்தவளத் திருடி கணக்கா தெனமும் சோதன போட்டாங்கன்னு தெரிஞ்சா எம்மேல அதுக்கு என்ன மரியாத இருக்கும்?"

"சரி, நான் சொல்லல" என்றார் அவர்.

4

இப்போது அந்தக் கதை. மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் சிறுவர் பத்திரிகை ஒன்றில் 'குருணையும் ஏழு வாசலும்' என்று தொடர்கதை வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க ஓடவில்லை என்று சாயங்காலத்தில் இவர் வாசித்துச் சொல்வார், அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். நான் சமையற்கட்டிலிருந்து அரைக் காதில் கேட்பேன். மடியை உதறும் இடங்கள் எல்லாம் நான் அரைக்கும்போதோ தாளிக்கும்போதோ போயிருக்க வேண்டும். சிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்து முழுக் காதில் கேட்டேன்.

ஒரு ராஜ்யத்து உப்பையெல்லாம் ஓர் அரக்கன் வாரிக்கொண்டு போய் ஏழு வாசல் கோட்டைக்குள் வைத்துவிட்டான். சோறு சப்பென்று ஆகிவிட்டது. மீட்கப்போன இளவரசர்கள் திரும்பவில்லை. கடைசியில் போகிறவள் அரண்மனைச் சமையற்கட்டில் அரிசியில் கல் பொறுக்குகிற ஒரு பெண். குட்டை, கறுப்பு, பல் எடுப்பு, பல்லிக்குக்கூடப் பயப்படுவாள். நொய்யரிசி மாதிரி ஒன்றுக்கும் ஆகாதவள் என்று அவளுக்குக் குருணை என்றே பேர்.

எனக்கு அந்தக் குருணை மேல் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. அதாவது, அவளை எழுதுகிறவன் மேல். அழகில்லாதவளை ஒருவன் கதைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்றால் ஏதோ திட்டம் இருக்கிறது. "பாத்துக்கிட்டே இருங்க, கடைசியில எதாச்சும் கொளத்துல முக்கி இவள வெள்ளக்காரியா ஆக்கிருவான்" என்று இவரிடம் சொல்வேன். இவர் சிரிப்பார்.

ஆனால் மடி? ஒவ்வொரு வாசலிலும் குருணை நிற்கிறாள். காவல் பூதம் கண்ணை உருட்டுகிறது. அவள் யாரும் சொல்லாமலே மடியை எடுத்து இரண்டு உதறு உதறுகிறாள். ஒன்றும் விழுவதில்லை. பூதத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வழிவிடுகிறது. மெட்ராஸில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? போடிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். மதுரையில் படித்த கணக்குப்பிள்ளை மகனாக இருக்குமோ? நாற்காலிக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தவன் அவன். அல்லது, சுங்கத்து வாசலில் அதைப் பார்த்துப் புரிந்துகொண்ட ஒரே ஆள் யாரிடமாவது சொல்லியிருப்பாரோ? "எழுதுறது யாருங்க?" என்று கேட்டேன். "யாரோ ஒரு மெட்ராஸ்காரரு" என்றார், தலையைத் தூக்காமல். தலையைத் தூக்காமல் சொல்கிற பதிலை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

5

நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மடி என்பதில் இரண்டே எழுத்து. கள்ளனைப் பிடிக்க இரண்டு எழுத்துக் கற்றால் போதாதா?

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியைக் கூப்பிட்டேன். "தமிழ் வகுப்புக்குப் போறேங்கிறியே, ம எழுதத் தெரியுமா ஒனக்கு? எங்க, எழுது பாப்போம்."

எழுதினாள். அடுத்த நாள், டி. தெரியாது என்று நான் ஒப்புக்கொண்டால்தானே. சோதிக்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேன். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு, ஏலக்காயில் வெடித்ததைத் தேடுகிற மாதிரி வரிவரியாகத் தேடினேன். மத்தியானம் அகப்பட்டது. ம, பக்கத்திலேயே டி. அச்சிலேயே இருக்கிறது. அப்படியானால் இவர் மேல் குற்றமில்லை. கணக்குப்பிள்ளை மகன்தான் என்று தீர்த்துக்கொண்டு, அன்று இவருக்கு இரண்டு துண்டு மீன் கூடவே வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கிறது, இவர் வாசிக்கும்போது மூன்று இடத்தில் வருகிறதே என்று ஓர் அரிப்பு. பேச்சியை மற்ற எழுத்துகளையும் எழுதச் சொன்னேன். என்னிடம் தோற்கக் கூடாது என்று அவளும் சனிக்கிழமை வகுப்புக்கு வயிறு வலிக்காமல் போக ஆரம்பித்தாள். நாலைந்து மாதம் போயிருக்கும். அந்தப் பழைய பக்கத்தை மறுபடி எடுத்தேன். விரலை வைத்து, கூட்டிக் கூட்டி வாசித்தேன். 'மூன்று இளவரசர்களும் முதல் வாசலிலேயே மடிந்தனர்.'

செத்துப்போனார்கள் என்று எழுதியிருக்கிறான். அதைப் போய் மடி என்று நினைத்து மீனை வேறு கொடுத்திருக்கிறேன். மற்ற இதழ்களையும் எடுத்து வைத்து வாசித்தேன். அச்சில் குருணை ஒரு வாசலிலும் மடியை உதறவில்லை. விடுகதைக்குப் பதில் சொல்கிறாள், எலிக்குச் சோறு வைக்கிறாள், ஒளிந்துகொண்டு நுழைகிறாள். மடி இல்லவே இல்லை.

6

போடிக்குப் பக்கத்திலிருக்கிற தேவாரம் ஊர்க்காரர் என் வீட்டுக்காரர். தன் அப்பாவின் காட்டில் யானை இறங்கிய கதையை எப்போதும் சொல்வார். கல்யாணமான வருஷம் ஒரு யானை. இப்போது குட்டிகளோடு சேர்த்து ஒன்பது. எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வாரம் அவர் வாசிக்கும்போது சமையற்கட்டு வாசல் ஓரமாக நின்று பார்த்தேன். பூதம் கண்ணை உருட்டும்வரை அவர் பார்வை பக்கத்தில் இருந்தது. அங்கே வந்ததும் தலை நிமிர்ந்தது. காகிதத்தைப் பார்க்காமலே, "குருணை மடியை உதறினாள்" என்றார். அப்புறம் மறுபடி குனிந்துகொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பேரை மாற்றி, பல்லை எடுப்பாக்கி, அப்பனும் மகளுமாக உட்கார்ந்து என்னை வைத்துச் சிரிக்கிறார்கள். ஊரில் வாசலில் ஒருத்தன் முன்னால் உதறினேன். இங்கே என் பிள்ளை முன்னாலேயே தினமும் உதறவைக்கிறார். கேட்டுவிடலாம். கேட்டால் எழுத்துக் கற்றது தெரிந்துபோகும். அதைவிட, "ஆமா, ஒன்னயத்தான்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்? குழம்பில் உப்புப் போடாமல் விட்டேன். "என்ன, அரக்கன் நம்ம வீட்டுக்கும் வந்துட்டானா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

மகளிடம் வேறு வழியாகக் கேட்டேன். தலை வாரும்போது, "அந்தக் குருணையப் போயி எதுக்குடி இப்பிடிப் பிடிச்சிருக்கு? கதையில ராஜகுமாரி இல்லையா, அழகா?" என்றேன்.

"வெளையாட்டுல ராஜகுமாரியா எல்லாரும்தான் இருக்கேங்கிறாங்க. குருணையா நான் மட்டுந்தான் இருப்பேன். மத்தவங்களுக்கு ஒதற மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"மடிய ஒதறுறது ஒனக்கு அசிங்கமாப் படலையா? திருடியாட்டம்?"

அவள் தலையைத் திருப்பி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "இல்லம்மா. அவகிட்டத்தான் ஒண்ணுமே இல்லையே. பூதம் கேக்குறதுக்கு முன்னாடியே ஒதறிக் காட்டிருறா. அப்பறம் பூதத்தாலதான் ஒண்ணும் பேச முடியல."

நான் சடையை இறுக்கிப் பிடித்திருந்தேன். எத்தனை சாயங்காலம் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்கு இப்படித் தோன்றியதில்லை. இவர் அதைச் சிரிப்பதற்காகச் சொன்னாரா, வேறெதற்காவது சொன்னாரா என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. பேச்சி, "வலிக்குதும்மா" என்ற பிறகுதான் கையைத் தளர்த்தினேன்.

7

கடைசி இதழ் வந்த அன்று துறைமுகத்தில் பெரிய கப்பல். விளக்கு வைக்கிற நேரமாகியும் இவர் வரவில்லை. பேச்சி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். "ஏழாவது வாசல்மா. அப்பா எப்ப வருவாங்க?"

"கொண்டா இங்க" என்றேன்.

"நீயா? ஒனக்கு வாசிக்கத் தெரியாதே."

"தெரியும். ஒக்காரு."

அவள் நம்பவில்லை, என் பிள்ளை அல்லவா. பக்கத்தில் வந்து நெருக்கி உட்கார்ந்து என் விரலையே பார்த்தாள். நான் மெதுவாக, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். அவள் மூச்சு விடாமல் கேட்டாள். கோட்டை வந்தது. ஏழாவது வாசல் வந்தது. அதற்கு மேல் என் விரல் நின்றுவிட்டது.

வாசலுக்கு முன்னால் ஒரு பொற்குளம். அதில் முழுகி எழுந்தால்தான் கதவு திறக்குமாம். குருணை முழுகுகிறாள். பொன்னிறமும் முத்துப் பல்லுமாக எழுந்திருக்கிறாள். கதவு திறக்கிறது, உள்ளே இளவரசன் மாலையோடு நிற்கிறான். நான் முதல் நாளே சொன்னேன். இவ்வளவு தூரம் நடந்து வந்தவளைக் கடைசி வாசலில் வேறொருத்தியாக்கிவிட்டுத்தான் உள்ளே விடுகிறான். நான் சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

"என்னம்மா? மடிய ஒதறினாளா?"

என் விரல் பொற்குளத்தின் மேல் இருந்தது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

"ஏழாவது வாசல்ல இருந்த பூதந்தான் எல்லாத்துலயும் பெருசு. நாற்காலி போட்டு ஒக்காந்திருந்துச்சு. மடிய ஒதறு, வெரசா, அப்பிடின்னு சொல்லுச்சு. குருணை மாட்டேன்னுட்டா."

பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வாசல்ல ஒதறிட்டேன், ஒரு உப்புக்கல்லு விழுந்துச்சா? எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இப்ப நீ எந்திரி. ஒன் மடிய ஒதறு, பாப்போம். அப்பிடின்னா. பூதத்துக்கு இதுவரைக்கும் அப்பிடி யாரும் சொன்னதில்ல. எந்திரிச்சுச்சு. ஒதறுச்சு. ராஜ்யத்து உப்பெல்லாம் அதோட மடியில இருந்துதான் கொட்டுச்சு."

"அவ அழகாயிட்டாளா?"

"இல்ல. அதே பல்லுதான். உப்ப அள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா."

வாசலில் செருமல் கேட்டது. இவர் நின்றுகொண்டிருந்தார், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார், அதில் என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதையும் நான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துத்தான் நம்பினேன். அவர் செருப்பைக் கீழே வைத்தார். வேட்டி மடிப்பை அவிழ்த்து, வாசலில் நின்றபடியே இரண்டு உதறு உதறினார். பிள்ளைக்கு வாங்கி வந்த கடலைப் பொட்டலம் இடுப்பிலிருந்து கீழே விழுந்து உருண்டது.

பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா எதுக்கு ஒதறுறீங்க?"

"என்னைய ஏன் கேக்குற? நான் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஒங்கம்மாவக் கேளு" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பத்திரிகையை மூடி அந்தப் பக்கம் வைத்தேன்.

"போடியில ஒரு குடோன் வாசல் இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன்.